பெல் தம்பியும் பின்வாசலும்

ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? சிலர் சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பார்கள். சிலர் சோபாவை அழுத்திப் பார்ப்பார்கள். சமையலறைப் பக்கம் மூக்கை நீட்டுகிறவர்களும் உண்டு. இந்தக் கதையில் வருகிறவரோ வெளியே போகும் வழியைப் பார்ப்பார். செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார், அதற்குள் "இதுக்கு இன்னொரு வாசல் இருக்கா?" என்று கேட்டுவிடுவார். அப்போது வீட்டுக்காரர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே!

கட்டடங்களில் தீ பாதுகாப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பது அவருடைய வேலை. அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று எல்லாம் அவர் கணக்கில் வரும். வேலை சாயங்காலத்தோடு முடிந்துவிடும் என்று ஆபீஸ் நினைத்துக்கொண்டிருந்தது. அவரைக் கட்டிக்கொண்ட புண்ணியவதிக்குத்தான் உண்மை தெரியும்.

மகள் பிறந்த கதையை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். "நான் உள்ள உயிர் போற மாதிரி கத்திக்கிட்டு இருக்கேன். இந்த மனுஷன் வெளியில ஆஸ்பத்திரி மாடிப்படிக் கதவுல சுத்தியிருந்த கம்பிய அவுத்துக்கிட்டு இருக்காரு. நர்ஸ் ஓடிவந்து, சார் பொண்ணு பொறந்திருக்குன்னா, 'ரொம்ப சந்தோஷம்மா, ஒரு குறடு கிடைக்குமா'ன்னு கேட்டிருக்காரு!" இதை நூறாவது தடவை சொன்னாலும் அவளுக்கு முதல் தடவை மாதிரியே கோபம் வரும். மகள் வேலைக்குப் போகிற பெண்ணாகிவிட்டாள். அவளும் விடாமல் கேட்பாள், "கடைசியில கம்பி அவுந்துச்சாப்பா?" "அவுந்துச்சும்மா. இப்பப் போய்த் தள்ளிப் பாரு, அந்தக் கதவு திறக்கும்" என்பார் அவர், வாயெல்லாம் பல்லாக.

மனைவியின் தம்பி புது வீட்டுக்குக் குடிபோனபோது எல்லாரும் பால்கனியைப் புகழ்ந்தார்கள். இவர் பால்கனிக்குப் போட்டிருந்த கம்பி வலையை ஆட்டிப் பார்த்து, "மாப்ள, இதுக்குச் சாவி எங்க தொங்குது?" என்று கேட்டார். சாவியே கிடையாது, திருடனுக்குப் பயந்து மொத்தமாக வெல்டிங் வைத்துவிட்டதாக மைத்துனர் பெருமையாகச் சொன்னார். "திருடன் வர முடியாது, சரி. நீ எப்படிப் போவ?" என்றார் இவர். மைத்துனர் வெகுநாள் பேசவில்லை. பிறகு ஒருநாள் போன் செய்து, வலையில் ஒரு கதவு வைத்துவிட்டதாகவும், சாவி பக்கத்து ஆணியில் தொங்குவதாகவும், தயவுசெய்து அக்காவை அழைத்துக்கொண்டு சாப்பிட வரும்படியும் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவர் இப்படிச் சிரிக்கிற ஆளில்லை. விறைப்பாக நடப்பார், எடுத்தெறிந்து பேசுவார். அவர் வருகிறார் என்றாலே காவலாளி முதல் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வரை எல்லாரும் எழுந்து நின்றுவிடுவார்கள். அதில் அவருக்கும் கொஞ்சம் பெருமைதான். ஒருநாள் ஒரு குடியிருப்பைப் பார்த்துவிட்டு, மாடிப்படி துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது என்று பாராட்டிவிட்டுக் கிளம்பினார். குடையை மறந்துவிட்டதால் பாதி வழியில் திரும்பி வந்தார். அதற்குள் படிகளில் சைக்கிள் வந்திருந்தது, செருப்பு அலமாரி வந்திருந்தது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் உடைந்த ஒரு பழைய சோபாவும் வந்து உட்கார்ந்திருந்தது. தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்ப் பெட்டிக்குள் காவலாளியின் சாப்பாட்டுப் பாத்திரம் இருந்தது.

அவருக்குக் கத்தத் தெம்பில்லை. அந்த சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்துப் பதறி, என்ன சொல்வது என்று தெரியாமல், "டீ குடிக்கிறீங்களா சார்?" என்றாள். குடித்தார். டீ நன்றாக இருந்ததால் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அவ்வளவுதான், அந்த அம்மாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மொட்டைமாடிக் கதவின் பூட்டு துருப்பிடித்தது, மின்சார மீட்டர் அறையில் யாரோ பெயின்ட் டப்பா அடுக்கியது, மேல்மாடித் தாத்தா படுக்கையில் சுருட்டுப் பிடிப்பது என்று வருஷக்கணக்காக ஆய்வு செய்தாலும் கண்ணில் படாத விஷயமெல்லாம் ஒரு டம்ளர் டீயில் வெளியே வந்தது.

"பயந்தா மறைப்பாங்க. பழகிட்டா காட்டுவாங்க." அன்றைக்கு மனைவியிடம் சொன்ன இந்த வார்த்தையைத்தான் அவர் பிறகு வாழ்க்கை முழுக்கப் பிடித்துக்கொண்டார். பேச்சை மாற்றினார், சிரிக்கக் கற்றுக்கொண்டார். காவலாளிகளின் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று தெரிந்துவைத்துக்கொண்டார். ஜனங்களும் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தங்கள் வீட்டு ஓட்டை உடைசலைக் காட்டினார்கள். அந்த வட்டாரத்தில் அவர் பார்த்த கட்டடங்கள் மற்றவர்கள் பார்த்தவற்றைவிட உண்மையிலேயே நன்றாக இருந்தன. அந்தப் பெருமை நியாயமானது, அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

அவருக்கு எல்லாவற்றிலும் செல்லம் அந்த முதியோர் இல்லம்தான். ஒரே தளம், நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள். முன்னால் பெரிய கூடம், கூடத்தை ஒட்டித் துணி துவைக்கும் அறை. நடையின் மறுகோடியில் பின்வாசல், அதைத் திறந்தால் முற்றம், கொடிக்கயிறு, மதில். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே தீ ஒத்திகை நடத்துவது சட்டம். இவர் மாதத்துக்கு ஒரு தடவை நடத்தினார்.

தீ எச்சரிக்கைப் பெல்லை அமுக்கிவிட்டு ஓடிப்போய் முன்வாசலில் நின்றுகொள்வார். ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக ஒவ்வொருவராக வந்து சேரும்போது ஆளுக்கொரு வரவேற்பு. "வாங்கய்யா, இன்னிக்கு ஓட்டப் பந்தயத்துல நீங்கதான் ஃபர்ஸ்ட்!" "அம்மா, போன தடவை செருப்பு மாறிப் போட்டுட்டு வந்தீங்க, இந்தத் தடவை சரியா இருக்கே!" எல்லாரும் வந்தபிறகு சமையல்கார அக்கா டீயும் பிஸ்கட்டும் கொண்டுவருவாள். பிள்ளைகள் வந்து பார்க்காத மாதத்திலும் அந்தப் பெரியவர்களைத் தேடி ஒருவர் வந்தார் என்றால் அது இவர்தான். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் பெல் தம்பி.

அவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் டீச்சர். கடைசி அறை அவருடையது. பெல் அடித்தால் டீச்சர் அவசரப்பட மாட்டார். கசங்கிய புடவையை மாற்றுவார், தலை வாரிக்கொள்வார், கைக்கடிகாரம் கட்டுவார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்து கடைசி ஆளாகக் கூடத்துக்கு வந்து சேருவார். "லேட்டா வந்ததுக்கு என்ன தண்டனை டீச்சர்?" என்று இவர் கேட்பார். "பெஞ்சு மேல ஏறி நிக்கணும். நான் ஏற மாட்டேன், நீங்க வேணா ஏறுங்க" என்பார் டீச்சர். ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே பதில். கூடமே சிரிக்கும்.

மாதத்துக்கு மாதம் எல்லாரும் சீக்கிரம் வந்து சேரப் பழகினார்கள். டீச்சர்கூடக் கொஞ்சம் வேகமாகத் தலை வாரினார். மற்ற இல்லங்களுக்குப் போகும்போதெல்லாம் இவர் அந்த இல்லத்தைத்தான் உதாரணம் காட்டினார்.

தீப்பிடித்தது ஒரு பட்டப்பகலில். துணி அறையில் இஸ்திரிப் பெட்டியை யாரோ அணைக்காமல் படுக்கை விரிப்புக் குவியல் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய தீ ஒன்றும் இல்லை, புகைதான். ஆனால் புகை மொத்தமும் பக்கத்தில் இருந்த கூடத்துக்குள் வந்தது. பெல் சரியாக அடித்தது. தீயணைப்பான் சரியாக வேலை செய்தது. சமையல்கார அக்காவே அதைத் தூக்கிக்கொண்டு ஓடி அணைத்துவிட்டாள். இல்லத்து வார்டன் அம்மா போனில் இதைச் சொல்லச் சொல்ல இவருக்கு மூச்சு திரும்பியது. நாம் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்துக்கொண்டார்.

"டீச்சரத்தான் சார் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். புகைய நிறையக் குடிச்சுட்டாங்க" என்றார் வார்டன் அம்மா.

"டீச்சரா? அவங்க ரூம் அந்தக் கோடியில இல்ல இருக்கு? அங்க புகையே போயிருக்காதே?"

"நீங்களே வந்து டீச்சர்கிட்ட கேளுங்க சார்" என்று வார்டன் அம்மா போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டீச்சர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். இஸ்திரி போட்ட புடவை கரி படிந்து நாற்காலியில் கிடந்தது. கையில் கடிகாரம் இருந்தது. இவரைப் பார்த்ததும் டீச்சர் கண்ணில் கோபமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது.

"ஏன் தம்பி வரலை?" என்றார் டீச்சர், இருமிக்கொண்டே.

"டீச்சர்?"

"பெல் அடிச்சுது. நீங்க வந்துட்டீங்கன்னு கிளம்பி வந்தேன். கூடத்துல எல்லாரும் இருக்காங்க. ஒரே புகை, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியலை. பெல் தம்பி எங்க, பெல் தம்பி எங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறோம். நீங்க வாசல்லதான் இருப்பீங்கன்னு நான் இன்னும் முன்னால போனேன். உங்களக் காணோம்." சொல்லிவிட்டு ஒரு குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கினார். "அந்தச் சமையல்காரி வந்து என்னைப் பிடிச்சு இழுக்குறா, தள்ளுறா. நல்லாத் திட்டிவிடுங்க அவளை."

டீச்சரின் அறையைவிட்டு இறங்கினால் பக்கத்திலேயே பின்வாசல். கையை நீட்டினால் தாழ்ப்பாள். அதைத் தாண்டி, மொத்த நடையையும் கடந்து, புகை இருக்கிற இடத்தைத் தேடி டீச்சர் நடந்து வந்திருக்கிறார். டீச்சர் மட்டுமா, எல்லாருமே! சமையல்கார அக்கா மட்டும் சுதாரித்துக்கொண்டு ஆடு ஓட்டுகிற மாதிரி எல்லாரையும் பின்பக்கம் விரட்டியிருக்காவிட்டால்... அதற்குமேல் அவரால் நினைக்க முடியவில்லை. இத்தனை நாளும் அந்தக் கதவின் அகலம் அளந்தார், தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டார், பின்வாசலில் ஒரு செருப்புகூடக் கிடக்க விடவில்லை. அந்தக் கதவு வழியாக ஒரு ஆள்கூட வெளியே போனதில்லை என்பது மட்டும் அத்தனை மாதத்தில் அவர் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள், அவரும் அவர்கள் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "பெல் அடிச்சா வெளிய போகணும்னு சொல்லிக்கொடுத்தேன்னு நெனச்சேன்டி. பெல் அடிச்சா என்கிட்ட வரணும்னு சொல்லிக்கொடுத்திருக்கேன்" என்றார். மனைவி தட்டை எடுத்து வைத்துவிட்டு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள்.

முதலில் பேசிப் பார்த்தார். டீச்சர் திரும்பி வந்ததும் எல்லாரையும் உட்கார வைத்து, பெல் அடித்தால் யாருக்கு எந்த வாசல் பக்கமோ அந்த வழியாகப் போக வேண்டும், என்னைத் தேடக் கூடாது என்று விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். "புரியுது தம்பி, சின்னக் குழந்தையா நாங்க?" என்றார் ஒரு தாத்தா. பிறகு இவர் பெல்லை அமுக்கினார். அந்தத் தாத்தா முதல் ஆளாக முன்வாசலுக்கு வந்து கை குலுக்கினார். பின்னால் அத்தனை பேரும் வந்தார்கள். கடைசியாக டீச்சர், மெல்ல இருமியபடி, தலை வாரி, கடிகாரம் கட்டி. "லேட்டா வந்ததுக்கு என்ன தண்டனைன்னு கேக்கலையே?" என்றார்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. இவர்களை இனி எப்படித் திருத்துவது? நான் இங்கே இருக்கிறவரைக்கும் இவர்கள் கால் வாசலுக்குப் போகாது, என்னிடம்தான் வரும் என்று அவருக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது.

அதோடு அவர் அங்கே போவதை நிறுத்திவிட்டார். வார்டன் அம்மாவிடமும் சமையல்கார அக்காவிடமும் பேசி ஏற்பாடு செய்தார். பெல்லை இனி அக்காதான் அடிப்பாள், ஒருநாள் காலையில், ஒருநாள் மதியத் தூக்கத்தில், ஒருநாள் டிவி பார்க்கும்போது. முன்கூட்டிச் சொல்லக் கூடாது. முன்வாசலில் யாரும் நிற்கக் கூடாது. டீயும் பிஸ்கட்டும் பின்முற்றத்து மதிலோரம் மட்டும்தான். பின்வாசலுக்குப் பக்கத்தில் அறை இருக்கிற யாராவது முன்கூடத்துக்குப் போனால் அன்றைக்கு அவர்களுக்கு டீ கிடையாது. "பாவம் சார்" என்றாள் அக்கா. "பாவம்தான்க்கா. ஆனா டீ குடுக்காதீங்க" என்றார் இவர்.

பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? பெல் தம்பிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஒரு பேச்சு. தீப்பிடித்ததால் மேலிடத்தில் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. டீச்சர் இந்தப் பேச்சிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. ஒருநாள் சமையல்கார அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்லி அனுப்பினார். அக்கா அதைப் போனில் அப்படியே ஒப்பித்தாள்: "அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஏன் வரலைன்னு கேட்டதுல தம்பிக்கு மனசு கஷ்டமா போயிடுச்சோ என்னவோ. நான் ஒண்ணும் தப்பா கேக்கலை. வந்துட்டுப் போகச் சொல்லு."

அன்று இரவு இவர் அதை மனைவியிடம் சொன்னார்.

"ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்களேன். பெல் அடிக்காம, சும்மா" என்றாள் மனைவி.

"போனா அவ்வளவுதான். என் மூஞ்சியப் பாத்தாலே அவங்களுக்குப் பெல் ஞாபகம் வரும். மறுநாள் பெல் அடிச்சா வாசலுக்கு வந்து நிப்பாங்க."

"அதுக்காக அந்த அம்மா, நீங்க கோவிச்சுக்கிட்டதாவே நெனச்சுக்கிட்டு இருக்கணுமா?"

"இருக்கட்டும். உயிரோட இருந்தா போதும்." அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

சில மாதங்கள் இப்படிப் போயின. அப்புறம் ஒருநாள் மனைவிக்குத் திடீரென்று ஜன்னல் திரை தைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தையல்காரர் சரியில்லையாம். முதியோர் இல்லத்துக்குப் பின்தெருவில், மாடியில், ஒருவர் பிரமாதமாகத் தைக்கிறாராம். துணையாக இவரும் வர வேண்டுமாம். அந்த மாடி ஜன்னலில் நின்றால் இல்லத்தின் பின்முற்றம் தெரியும் என்பதை அவள் சொல்லவில்லை. இவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கிளம்பும்முன் இல்லத்துச் சமையல்கார அக்காவுக்கு ஒரு போன் போட்டார்.

தையல்காரர் துணியை விரித்து அளந்தார். இவர் வழக்கம்போல அதன் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து, "இது சீக்கிரம் பத்திக்கிற துணியாச்சே" என்று ஆரம்பித்தார். அப்போது கீழே பெல் அடித்தது.

அவர் துணியை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தார். பின்வாசல் மூடியிருந்தது. பெல் அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். டீச்சர் கூடத்துக்குத்தான் போகப்போகிறார், இப்போது தலை வாரிக்கொண்டிருப்பார், இப்போது கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

கதவு திறந்தது. முதலில் வந்தது டீச்சர்.

தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. கசங்கிய வீட்டு உடுப்பு. கையில் கடிகாரம் இல்லை. கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு. ஒரு கையால் பக்கத்து அறைக்காரரின் சக்கர நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க, பின்னால இருக்கறவங்களுக்கு வழிய விடுங்க!" என்று பள்ளிக்கூடத்தில் அதட்டுகிற குரலில் அதட்டிக்கொண்டே மதிலோரம் வந்து சேர்ந்தார். பின்னால் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். கை குலுக்குகிற தாத்தாவும் வந்தார். டீச்சர் ஒவ்வொருவரையும் தலையைத் தொட்டு எண்ணினார், எல்லாரும் வந்தாயிற்று என்று தெரிந்ததும் மதிலில் சாய்ந்து டீ டம்ளருக்குக் கை நீட்டினார்.

இவர் காத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது டீச்சர் முன்வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார் என்று காத்துக்கொண்டிருந்தார். டீச்சர் பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டார். பக்கத்து அறைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். திரும்பவே இல்லை.

"என்னங்க," என்றாள் மனைவி மெதுவாக, "உங்களத் தேடவே இல்ல."

"இல்ல" என்றார் அவர். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கதவில் அந்தக் கம்பி அவிழ்ந்தபோது எப்படிச் சிரித்தாரோ அப்படிச் சிரித்தார். "பாத்தியா? தேடவே இல்லடி."